செல்போனில் காடு அளக்கலாங்களா?



ஆடிப்பட்டம் நெருங்கினால் நம் கூட்டமைப்புக் குழுக்களில் குத்தகைப் பேச்சும் கூடவே வந்துவிடும். ஐந்து பேர், பத்துப் பேர் சேர்ந்து ஒரு காட்டைப் பிடித்துச் சோளமோ கடலையோ சின்ன வெங்காயமோ போடலாம் என்று பேசுவோம். நிலத்துக்காரரைக் கேட்டால், "ரெண்டு ஏக்கர் இருக்குமுங்க" என்பார். "சரிங்கண்ணா" என்று சொல்லிவிட்டு வருவதுதான் வழக்கம். அந்த "இருக்கும்" என்ற வார்த்தைக்குள் எத்தனை சென்ட் ஒளிந்திருக்கிறது என்பதுதான் இந்த மாதப் பாடம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏக்கருக்கு வருடம் 20,000 ரூபாய் என்று பேசி, இரண்டு ஏக்கருக்கு 40,000 கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் அந்தக் காடு 1 ஏக்கர் 70 சென்ட்தான் என்றால், இல்லாத 30 சென்ட்டுக்கு 6,000 ரூபாய் கொடுத்திருக்கிறோம். பத்துப் பேர் உள்ள குழுவில் மாதம் ஆளுக்கு நூறு ரூபாய் சேமிப்பு என்றால், இது ஆறு மாதச் சேமிப்பு. அதோடு நிற்பதில்லை. விதை, அடியுரம், நடவுக்கூலி எல்லாமே ஏக்கர் கணக்கில்தான் பேசுகிறார்கள். இப்போது ட்ரோனில் மருந்து அடிப்பதும் அப்படித்தான். 2023 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த 'நமோ ட்ரோன் தீதி' திட்டத்தில், 15,000 மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம் என்று அறிவித்தார்கள். அப்படி ட்ரோன் வாங்கி வாடகைக்கு அடிக்கும் குழுவாக இருந்தாலும், அடிக்கச் சொல்லும் குழுவாக இருந்தாலும், அளவு தெரியாமல் கூலி பேச முடியாது.

பெரிய பண்ணையக்காரருக்கு முப்பது சென்ட் பெரிய விஷயம் இல்லை. நமக்கு அப்படி இல்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயக் குடும்பம் பண்ணையம் பார்க்கும் நிலம் சராசரியாக 0.75 ஹெக்டேர்தான். அதாவது சுமார் 1 ஏக்கர் 85 சென்ட். இதில் முப்பது சென்ட் என்பது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு.

"அதுக்கென்ன, போன்லயே அளந்துக்கலாமே, எம் பையன் அளந்தானே" என்று பல குழுக்களில் சொல்கிறார்கள். அளக்கலாம். ஆனால் எந்தக் காட்டுக்கு அந்த அளவை நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது என்று தெரிந்து வைத்துக்கொண்டு அளக்க வேண்டும்.

முதலில் போன் எப்படி அளக்கிறது என்று பார்ப்போம். தலைக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவை அனுப்பும் நேரக்குறிப்பை நம் போன் வாங்குகிறது. நான்கு செயற்கைக்கோள்களாவது கிடைத்தால், நாம் நிற்கும் இடம் எது என்று கணக்குப் போட்டுவிடும். நாம் வரப்போரமாக நடக்க நடக்க ஒவ்வொரு இடத்தையும் குறித்துக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்ததும் உள்ளே அடங்கிய பரப்பைச் சொல்கிறது. 'ஜிபிஎஸ் ஃபீல்ட்ஸ் ஏரியா மெஷர்' போன்ற செயலிகள் இதைத்தான் செய்கின்றன. காசு கொடுக்காமலே இதைப் பயன்படுத்தலாம். விளம்பரம் நடுநடுவே வரும், அதைத் தொட்டுவிடாதீர்கள். அளவு எடுக்கும் செயலிக்கு நம் இருப்பிடம் தெரிந்தால் போதும். போன் நம்பர் பட்டியல், மெசேஜ் எல்லாம் பார்க்க அனுமதி கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

அளக்கும் முறை இது. போனில் லொகேஷனை ஆன் செய்து, வெட்டவெளியில் இரண்டு மூன்று நிமிடம் சும்மா நில்லுங்கள். போன் செயற்கைக்கோள்களைப் பிடிக்க அந்த அவகாசம் வேண்டும். பிறகு ஒரு மூலையில் தொடங்கி, வரப்பை ஒட்டியே மெதுவாக நடந்து வாருங்கள். ஒவ்வொரு மூலையிலும் சிறிது நேரம் நில்லுங்கள். போனை முந்தானைக்குள்ளோ பைக்குள்ளோ போடாமல் கையில் வானம் பார்க்கப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று முடிந்ததும் அளவை எழுதிக்கொண்டு, எதிர்ப்பக்கமாக இன்னொரு சுற்று நடங்கள். இரண்டும் நெருங்கி வந்தால் இரண்டையும் கூட்டிப் பாதி எடுத்துக்கொள்ளலாம். ஒன்று 92 சென்ட், இன்னொன்று 110 சென்ட் என்று வந்தால் அன்றைக்குப் போன் சொல்வதை நம்பவே வேண்டாம்.

நடக்காமல் அளக்கும் வழி ஒன்றும் அதே செயலியில் உண்டு. செயற்கைக்கோள் படத்தில் நம் காட்டைப் பெரிதாக்கி, நான்கு மூலையையும் விரலால் தொட்டால் பரப்பு வந்துவிடும். வரப்பும் வேலியும் படத்தில் பளிச்சென்று தெரிகிற காட்டுக்கு, நம் அபிப்பிராயத்தில் நடப்பதைவிட இதுவே மேல். படம் சில மீட்டர் தள்ளி விழுந்திருந்தாலும் காடு முழுவதும் சேர்ந்துதான் தள்ளியிருக்கும் என்பதால் பரப்பு மாறாது. படம் பழையதாக இருக்கலாம் என்பதை மட்டும் கவனியுங்கள். போன வருடம் எடுத்த புது வரப்பு அதில் இருக்காது.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம்.

சாதாரண ஸ்மார்ட்போன் வெட்டவெளியில்கூட சுமார் 5 மீட்டர், அதாவது 16 அடி வரை இடம் தவறிக் காட்டும் என்று ஜிபிஎஸ் அமைப்பை நடத்தும் அமெரிக்க அரசே சொல்கிறது. தென்னந்தோப்பு, பாக்குத்தோப்புக்குள் போனால் இன்னும் மோசம். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துச் சகோதரிகள் இதைப் பார்த்திருப்பீர்கள். மட்டைகளுக்கு அடியில் நின்றால் போனில் நம் புள்ளி ஒரே இடத்தில் நிற்காமல் தாவிக்கொண்டே இருக்கும்.

இந்தத் தவறு பெரிய காட்டில் கரைந்துவிடும். சின்னக் காட்டைத் தின்றுவிடும். எப்படி என்று பாருங்கள். சதுரமான 10 சென்ட் நிலம், பக்கத்துக்கு 66 அடி. நான்கு பக்கமும் போன் 10 அடி வெளியே தள்ளிக் குறித்துவிட்டால், அது 86 அடிக்கு 86 அடி ஆகிவிடும். பரப்பு 17 சென்ட்! உள்ளே தள்ளிக் குறித்தால் 46 அடிக்கு 46 அடி, 5 சென்ட்டுக்கும் கொஞ்சம் குறைவு. அதே பத்தடித் தவறு ஒரு ஏக்கர் சதுரத்தில் நடந்தால் 120 சென்ட் அல்லது 82 சென்ட் காட்டும். ஐந்து ஏக்கரில் நடந்தால் 5 ஏக்கர் 44 சென்ட் அல்லது 4 ஏக்கர் 58 சென்ட். பத்து சென்ட்டுக்கு நூற்றுக்கு எழுபது தவறு, ஐந்து ஏக்கருக்கு நூற்றுக்கு ஒன்பதுதான். நடைமுறையில் ஒரு பக்கம் வெளியே, இன்னொரு பக்கம் உள்ளே என்று மாறி மாறி விழுந்து, தவறு ஒன்றுக்கொன்று கழிந்துபோகும். அதனால் இவ்வளவு மோசமாக வருவது அபூர்வம். ஆனால் எந்த நாள் கழியும், எந்த நாள் கழியாது என்று போன் சொல்லாது.

வெளிநாட்டில் இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். எத்தியோப்பியா, தான்சானியா, நைஜீரியா ஆகிய மூன்று நாடுகளில் நம்மைப் போன்ற சிறு விவசாயிகளின் நிலத்தைக் கயிறும் திசைகாட்டியும் வைத்து அளந்தார்கள். அதே நிலத்தைக் கையடக்க ஜிபிஎஸ் கருவியாலும் அளந்தார்கள். விவசாயிகளின் வாய்க்கணக்கையும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். 2017ல் வெளியான முடிவு என்னவென்றால், ஜிபிஎஸ் அளவு சராசரியில் கயிற்று அளவுக்கு மிக நெருக்கமாக வந்தது. வாய்க்கணக்கோ சின்ன நிலத்தைப் பெரிதாகவும், பெரிய நிலத்தைச் சிறிதாகவும் சொன்னது. "ரெண்டு ஏக்கர் இருக்குமுங்க" என்ற பேச்சு நம் ஊரில் மட்டும் இல்லை போலிருக்கிறது. ஆனால் அங்கே பயன்படுத்தியது போன் இல்லை, அதற்கென்றே செய்த கருவி. நூற்றுக்கணக்கான நிலங்களின் சராசரி சரியாக வருவதும், நம் ஒரே ஒரு காட்டின் அளவு சரியாக வருவதும் வேறு வேறு.

ஆகவே நாம் சொல்வது இதுதான். ஒரு ஏக்கருக்கு மேல், வெட்டவெளிக் காடு என்றால் விதை, உரம், கூலிக் கணக்குக்குப் போன் போதும். அரை ஏக்கருக்குக் கீழே இருந்தால் டேப்பை எடுங்கள். நடுவில் உள்ளதற்குப் போனிலும் பார்த்து, டேப்பிலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டேப்பில் அளப்பதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. சுற்றிவர நடந்த தூரத்தை வைத்துப் பரப்பைச் சொல்ல முடியாது. 100 அடிக்கு 100 அடி நிலத்தைச் சுற்றினால் 400 அடி, பரப்பு 23 சென்ட். 150 அடிக்கு 50 அடி நிலத்தைச் சுற்றினாலும் 400 அடிதான், பரப்பு 17 சென்ட்தான். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி என்பதை மட்டும் எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

கோணல்மாணலான காட்டுக்கு ஊரில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எதிர் எதிர்ப் பக்கத்தைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டையும் பெருக்குவது. இந்தக் கணக்கு நாலு மூலையும் மட்டமான நீள்சதுரத்துக்கு மட்டும்தான் சரி. மற்ற எந்த வடிவத்துக்கும் உள்ளதைவிடக் கூடுதலாகத்தான் காட்டும், ஒருபோதும் குறைத்துக் காட்டாது. யாருக்கு லாபம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கம் 122, 157, 121, 139 அடி உள்ள ஒரு துண்டு நிலம். ஊர்க்கணக்குப்படி 121½-ஐ 148-ஆல் பெருக்கினால் 17,982 சதுர அடி, 41 சென்ட். அதையே குறுக்கே கயிறு கட்டி அளந்தால் 33 சென்ட்தான் வருகிறது. எட்டு சென்ட் காற்றில் விளைந்திருக்கிறது!

குறுக்கே அளப்பது இப்படி. தூரத்து மூலைகள் இரண்டுக்கும் முளைக்குச்சி அடித்து நைலான் கயிற்றை இழுத்துக் கட்டுங்கள். மேலே சொன்ன நிலத்தில் அது 240 அடி. இப்போது காடு இரண்டு முக்கோணமாகப் பிரிந்துவிட்டது. மீதியுள்ள இரண்டு மூலையிலிருந்தும் கயிற்றுக்கு நேராக டேப்பைப் பிடித்து அளக்க வேண்டும். எது நேர் என்று எப்படித் தெரியும்? மூலையில் ஒருவர் டேப்பின் நுனியைப் பிடித்து நிற்க, கயிற்றோரம் இன்னொருவர் டேப்பை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பாருங்கள். எந்த இடத்தில் அளவு மிகவும் குறைகிறதோ அதுதான் நேர். அங்கே ஒரு பக்கம் 70, மறுபக்கம் 50 அடி. இரண்டையும் கூட்டினால் 120. 240-ஐ 120-ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் 14,400 சதுர அடி. 435.6-ஆல் வகுத்தால் 33 சென்ட்.

மேடுபள்ளமான காட்டில் டேப்பைத் தரையோடு போட்டு இழுக்காமல் மட்டமாகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஆனைகட்டி, தொண்டாமுத்தூர் மலையடிவாரத்தில் இது முக்கியம். சர்வே அளவெல்லாம் மட்ட அளவுதான். சரிவில் போட்ட டேப்பு கூடுதலாகக் காட்டும்.

எங்கே அளப்பது என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். காங்கயம் பக்கத்துக் கொரங்காட்டில் கிளுவை வேலியே சில இடத்தில் ஆள் உயரத்துக்கும் அகலத்துக்கும் நிற்கும். வேலிக்கு வெளியே அளப்பதா, உள்ளேயா? கிணறு, களம், வாய்க்கால், பாறை விழுந்த இடம் இதெல்லாம் சேர்த்தியா? பட்டாவில் உள்ள பரப்பு இவை எல்லாவற்றையும் சேர்த்தது. நாம் விதைப்பது உழவு ஓட்டும் இடத்தில் மட்டும்தான். குத்தகை எதற்கு என்று பேசாமல் விட்டால், இரண்டு பேரும் உண்மையைச் சொல்லியே சண்டை வரும்.

பட்டா என்றதும் ஞாபகம் வருகிறது. தமிழ்நாடு அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் பட்டாவையும் புலப்படத்தையும் பார்க்கலாம். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். 0-64.50 என்று இருந்தால் 64½ ஏர். ஒரு ஏர் 2.47 சென்ட். பெருக்கினால் 159 சென்ட், அதாவது 1 ஏக்கர் 59 சென்ட். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், யு.டி.ஆர். என்று சொல்வோமே, அதில் ஹெக்டேர் கணக்குக்கு மாறினார்கள். நம் நாக்கு மட்டும் இன்னும் ஏக்கரை விடவில்லை.

பழைய புலப்படத்தில் அளவுகள் 'லிங்க்' கணக்கில் இருக்கும். 1620ல் எட்மண்ட் குண்டர் என்ற ஆங்கிலேயர் அமைத்த 66 அடிச் சங்கிலியின் நூறில் ஒரு கண்ணிதான் லிங்க். நம் தாத்தா காலத்தில் சர்வேக்காரர் இழுத்து வந்த சங்கிலியும் அதுவே. இதில் ஒரு வசதி இருக்கிறது. நீளத்தையும் அகலத்தையும் லிங்க்கில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் நேராகச் சென்ட் வந்துவிடும். 435.6 தேவையே இல்லை. சென்ட் என்ற அளவு ஏன் இவ்வளவு விநோதமான சதுர அடியில் இருக்கிறது என்பதற்கும் இந்தச் சங்கிலிதான் காரணம்.

சர்வே எண் தெரிந்தால்தான் இவற்றைச் சுலபமாகப் பார்க்க முடியும். காட்டில் நிறைய வேலை செய்வது பெண்கள். ஆனால் 2015-16 கணக்கெடுப்பில் இந்திய அளவில் பண்ணையம் நடத்துபவர் என்று பதிவானவர்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேர்தான் பெண்கள். பட்டா அப்பா பெயரிலோ வீட்டுக்காரர் பெயரிலோ இருந்தாலும், சர்வே எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் நம் நோட்டில் எழுதி வைப்பதற்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள்.

பக்கத்துக் காட்டுக்காரரோடு எல்லைத் தகராறு என்றால் போனை வெளியே எடுக்காதீர்கள். பதினாறு அடி தவறக்கூடிய கருவியை வைத்து, இரண்டடி வரப்புக்கு நியாயம் சொல்ல முடியாது. அது தகராறைத்தான் பெரிதாக்கும். அதற்கு இ-சேவை மையத்தில் நில அளவைக்கு விண்ணப்பித்துக் கட்டணம் கட்ட வேண்டும். சர்வேயர் புலப்படத்தோடு வந்து எல்லைக்கல்லிலிருந்து அளந்து காட்டுவார். அவர்கள் கொண்டுவரும் ரோவர் கருவியும் செயற்கைக்கோளைத்தான் கேட்கிறது. ஆனால் நிலையாக நிறுவிய வேறொரு கருவியோடு ஒப்பிட்டுத் தவறைக் கழித்துவிடுவதால், சில சென்டிமீட்டருக்குள் சொல்லிவிடும்.

2024 நவம்பரில் தமிழ்நாட்டில் டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்புக்கு வேளாண் கல்லூரி மாணவ மாணவியரையும் அனுப்பினார்கள். அவர்கள் காட்டில் நின்று போனில் பயிரைப் படம் பிடித்ததைப் பார்த்து, "நிலத்தையே அளக்கறாங்க" என்று நினைத்தவர்கள் உண்டு. அவர்கள் நிலத்தை அளக்கவில்லை. எல்லைக்கோடு ஏற்கனவே உள்ள புலப்படத்திலிருந்து போனுக்குள் வந்துவிடுகிறது. அந்த சர்வே எண்ணில் என்ன பயிர் நிற்கிறது என்பதைத்தான் பதிவு செய்கிறார்கள். வறட்சி நிவாரணம், பயிர்க் காப்பீடு என்று வரும்போது பயிர்ப் பதிவைத்தான் கேட்பார்கள். குத்தகைக்காரராக நாம் சாகுபடி செய்தால், அடங்கலில் என்ன எழுதியிருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு சங்கடம். "அளந்துக்கலாங்களா" என்று கேட்டால் நிலத்துக்காரர் முகம் கோணுவாரே என்று பல சகோதரிகள் தயங்குகிறார்கள். "ஏனுங்கண்ணா, விதைக் கணக்குப் பார்க்கோணும், உழவுக்கு முன்னால ஒருக்கா அளந்துக்கறோமுங்க. நீங்களும் கூட இருந்தா நல்லதுங்க" என்று கேட்டுப் பாருங்கள். அவரை வைத்துக்கொண்டே அளப்பது நமக்கும் நல்லது. பிறகு தீர்மான நோட்டிலும் குத்தகைத் தாளிலும் சர்வே எண், யார் யார் இருக்க எந்த முறையில் அளந்தோம், உழவு ஓட்டும் பரப்பு எத்தனை சென்ட், சென்ட்டுக்கு என்ன வாடகை, கிணற்றுத் தண்ணீர் எத்தனை முறை, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்குங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் போட்டுப் பார்க்க ஒரு கணக்கு: நிலத்துக்காரர் 30 சென்ட் என்கிறார். போன் 27 சென்ட் காட்டுகிறது. குறுக்குக் கயிறு 180 அடி. இரண்டு மூலையிலிருந்தும் கயிற்றுக்கு நேராக 65 அடி, 56 அடி. எத்தனை சென்ட்டுக்கு வாடகை பேசுவீர்கள்? விடை: 25 சென்ட்.